சாய்ந்தமருதில் ஒரு துண்டுக் கடல்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அம்பாறை மாவட்டம் வயலாகத்தான் விடியும். மகியங்கனை, மகாஓயா தாண்டி அம்பாறை நகரைக் கடந்ததும் இருபுறமும் நெல். மாரி ஓய்ந்து மாசி பிறந்திருந்தது. சம்மாந்துறைப் பக்கம் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்தது. வீதியோரத்தில் பாயும் படங்கும் விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர், சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து இந்த வயல்களில் பெரும்பகுதியை நனைக்கிறது. நனைத்த பின் மிஞ்சிய நீர் உரத்தையும் பூச்சிமருந்தையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு கிழக்கே இறங்குகிறது. காரைதீவுச் சந்தியில் பஸ் கரையோர வீதியில் ஏறும்போது உப்புக் காற்று முகத்தில் படும். வயல்நீர் போய்ச் சேரும் இடம் அங்கேதான் இருக்கிறது.

காரைதீவு விபுலானந்த அடிகள் பிறந்த ஊர். அங்கிருந்து வடக்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் வெளியூர்க்காரரின் கண்ணுக்குப் பிடிபடாது. மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை நகரம், பாண்டிருப்பு, நெசவுக்குப் பேர்போன மருதமுனை என்று மதிலோடு மதில் ஒட்டி ஊர்கள் போகின்றன. முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே மொழியைத் தங்கள் தங்கள் ராகத்தில் பேசி வாழும் கரை இது. கிழக்கே கூப்பிடு தூரத்தில் வங்கக் கடல், மேற்கே வயலும் சதுப்பும். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல்மேட்டில் ஆயிரக்கணக்கான வீடுகள். 2004 டிசம்பர் 26 காலை கடல் சுனாமியாக ஊருக்குள் ஏறியபோது இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறைதான். 10,000 பேருக்கு மேல் போனார்கள். கடற்கரை ஒழுங்கைகள் சிலவற்றில் இன்னும் வீடில்லாத வளவுகளைப் பார்க்கலாம்.

இந்தக் கரையில் ஓர் இளைஞர் தன் வீட்டு முன்னறையில் கண்ணாடித் தொட்டிக்குள் கடலை வளர்க்கிறார் என்று ஒரு நண்பர் சொன்னார். கத்தாரில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். வரும்போது, உப்புநீரின் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் ஒன்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதைப் பொருத்திய நாளிலிருந்து மனிதருக்கு நிம்மதி இல்லை. ஒரு நாள் நுரையே ஏறுவதில்லை. மறுநாள் கப் நிரம்பி வழிந்து கீழ்த்தொட்டியே வெள்ளைக் காடாகிறது. கொழும்பில் பல காலமாக உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கருவியின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதன் வேலையைப் புரிந்துகொண்டவருக்குக் கடற்கரையும் வேறு மாதிரித் தெரியும் என்று நம்புகிறவன் நான். பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

வீடு சாய்ந்தமருதில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே. அந்த இளைஞரை நான் தம்பி என்றே அழைத்தேன். அவருடைய வாப்பா வாசலில் நின்று வரவேற்றார். "வாங்க தம்பி, முதல்ல தேத்தண்ணி குடிங்க. மீன் எங்கயும் ஓடாது" என்றார். முன்னறையின் ஒரு சுவர் முழுக்கத் தொட்டி. சுமார் 400 லீற்றர் பிடிக்கும். உள்ளே ஒரு சோடிக் கோமாளி மீன்கள், பாறை இடுக்கில் மீசை நீட்டிக்கொண்டு இரண்டு சுத்திகரிப்பு இறால்கள், ஒரு நீல நிற முள்வால் மீன்.

பவளம் ஒன்றும் இல்லை. அதைத் தம்பி பெருமையாகவே சொன்னார். இலங்கைக் கடலிலிருந்து உயிருள்ள பவளத்தை எடுக்கச் சட்டம் இடந்தராது. கரையோரத்தில் பவளம் தோண்டுவதையும் அதைச் சுண்ணாம்புக்குச் சூளையில் இடுவதையும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. அதனால் சீமெந்தும் சிப்பித் தூளும் குழைத்துத் தம்பியே பாறை வார்த்திருக்கிறார். சீமெந்தின் காரம் இறங்கும் வரை கிழமைக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறவைத்த பிறகே அதைத் தொட்டியில் அடுக்கினாராம். இந்தப் பொறுமை உள்ளவருக்கு ஸ்கிம்மர் வசப்படாமல் போகாது என்று அப்போதே தோன்றியது.

தொட்டிக்குக் கீழே மரப்பெட்டிக்குள் இன்னொரு சிறு தொட்டி. மேல் தொட்டியிலிருந்து வழியும் நீர் அங்கே இறங்கும். பம்ப் அதைத் திரும்ப மேலே தள்ளும். ஸ்கிம்மர் நிற்பதும் அந்தக் கீழ்த்தொட்டியில்தான். பார்வைக்கு ஓர் அக்ரிலிக் உருளை. மேலே குறுகி ஒரு கழுத்து, கழுத்தின் மேல் மூடி போட்ட கப். பக்கத்தில் ஒரு பம்ப். அதன் சுழலி ஊசி ஊசியாக இருக்கும். அது காற்றையும் நீரையும் ஒன்றாக இழுத்துக் காற்றைப் பொடிப்பொடிக் குமிழாக அரைத்து உருளைக்குள் தள்ளுகிறது. நீர் வெளியேறும் குழாயில் ஒரு வால்வு. நாம் கைவைக்கக்கூடிய இடம் பெரும்பாலும் அந்த வால்வு ஒன்றுதான்.

மீன் கழிக்கிறது, தின்னாமல் விட்ட இரை ஊறுகிறது, பாசி உதிர்கிறது. இவற்றிலிருந்து புரதமும் கொழுப்பும் நீரில் கலக்கின்றன. இந்த மூலக்கூறுகள் பலவற்றுக்கு ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். நீரை வெறுக்கும் முனைக்குக் காற்று கிடைத்தால் அங்கே ஒட்டிக்கொள்ளும். எனவே குமிழின் தோல்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். குமிழ் எவ்வளவு சிறியதோ, ஒரே அளவு காற்றுக்கு அவ்வளவு அதிகத் தோல் கிடைக்கும். நல்ல தண்ணீரில் சிறு குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து வெடித்துவிடும். உப்பு நீரில் அப்படிச் சேர்வது குறைவு. ஆகையால்தான் இந்தக் கருவி கடல்நீருக்கு உரியதாக இருக்கிறது. அழுக்கைச் சுமந்த குமிழ்கள் கழுத்தில் நெருக்கி ஏறுகின்றன. ஏற ஏற இடையில் உள்ள நீர் வடிந்து கீழே போகிறது, நுரை தடித்துக் கப்பில் விழுந்து பழுப்பு நீராகிறது. அதன் நாற்றம் தாங்க முடியாதது. அவ்வளவு நாற்றமும் மீன் வாழும் நீரிலிருந்து கழிந்தது என்று நினைத்தால் அதுவே ஆறுதல்.

தம்பியின் உம்மா கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "இறைச்சி அவிக்கக்குள்ள மேல வாற நுரையத்தானே இந்த மெஷினும் அள்ளுது மனே?" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. இறைச்சிப் பானையில் மேலே திரளும் சாம்பல் நுரையும் புரதம்தான். கொதி தொடங்கியதும் அகப்பையால் அள்ளினால் ஆணம் தெளிவாக வரும்; விட்டுவிட்டால் அது உடைந்து உள்ளேயே கரைந்து கலங்கிவிடும். அள்ளுவதற்கு ஒரு நேரம் உண்டு என்பதுதான் அதிலுள்ள சூட்சுமம். தொட்டியிலும் அதுதான் நடக்கிறது. புரதமாக இருக்கும்போது நுரை அதைப் பிடிக்கும். பிடிக்கத் தவறினால் பாக்டீரியா அதை உடைத்து அமோனியாவாக்கும். அமோனியா நைத்திரைற்றாகும், நைத்திரைற்று நைத்திரேற்றாகும். நைத்திரேற்றானபின் எந்த ஸ்கிம்மராலும் அதைத் தொட முடியாது. அது நீரில் கரைந்த உப்பாகிவிட்டது, குமிழில் ஒட்டாது. பிறகு பாசிதான் அதைத் தின்னும், அல்லது நாம் நீரை மாற்ற வேண்டும்.

தேத்தண்ணி முடிந்ததும் வேலைக்குக் குந்தினோம். முதலில் கண்ணில் பட்டது கீழ்த்தொட்டியின் நீர்மட்டம். தடுப்புகளால் பிரித்த அந்தத் தொட்டியில், ஸ்கிம்மர் நின்ற அறையில்தான் ஆவியாகும் நீரின் குறையும் தெரிந்தது. பகலில் மட்டம் இறங்குகிறது. மாலையில் தம்பி நல்ல தண்ணீர் ஊற்ற, ஒரேயடியாக ஏறுகிறது. வெளியே மட்டம் ஏறினால் உருளைக்குள்ளும் ஏறும், நுரை பொங்கும். வெளியே இறங்கினால் நுரை கழுத்துக்கு எட்டாது. ஒரு நாள் பட்டினி, ஒரு நாள் வெள்ளம் என்ற தம்பியின் புதிருக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்தது. பல ஸ்கிம்மர்களுக்கு 18 முதல் 25 சென்றிமீற்றர் வரையான நீர் ஆழம் ஒத்துவரும். சரியான அளவு கருவியோடு வரும் தாளில் இருக்கும். அந்த ஆழம் மாறாமல் இருக்க வேண்டும். மட்டம் மாறாத நடு அறைக்கு ஸ்கிம்மரை நகர்த்தினோம். அங்கே ஆழம் கூடுதலாக இருந்ததால் பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்தினோம். ஆவியான நீருக்கு ஈடாக மிதவை வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் சேர ஏற்பாடு செய்தோம். கிணற்று நீரை விட்டு, நுண்சவ்வில் வடிகட்டிய ஆர்.ஓ. நீரை ஊற்றச் சொன்னேன். மணற்பாங்கான, நெருக்கமான கரையில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கும். அந்தக் கிணற்று நீரில் நைத்திரேற்று கலந்திருக்கக்கூடும். கழிப்பதற்காகக் கருவி வாங்கிவிட்டு, மறுபக்கத்தால் நாமே கொண்டுவந்து சேர்க்கக்கூடாது.

அடுத்தது வால்வு. முழுவதும் திறந்துவிட்டால் உருளைக்குள் மட்டம் மிகக் கீழே இருக்கும். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கொஞ்சமாக மூட மூட நீர் வெளியேறத் தடை கூடி மட்டம் ஏறும். நீர் முடிந்து நுரை தொடங்கும் கோடு கழுத்தின் அடிவாரத்தில் நிற்குமானால் அதுவே நல்ல தொடக்கம். தம்பியின் கை வால்வில் மறுபடி மறுபடி போய்க்கொண்டிருந்தது. ஒரு திருப்பு, அரை மணிநேரம், பிறகு இன்னொரு திருப்பு என்று இருந்தார். "தம்பி, இப்ப ஒரு நூல் அளவு திருப்புங்க. மறுகா நாளைக்குத்தான் பாக்க வேணும்" என்றேன். வால்வைத் திருப்பிய உடனே தெரிவது நீர்மட்டத்தின் மாற்றம் மட்டும். கழுத்தில் நுரை எப்படித் தடிக்கிறது, கப்பில் என்ன நிறத்தில் இறங்குகிறது என்பதெல்லாம் பல மணிநேரம் கழித்தே தெரியவரும். இடையில் மறுபடி திருப்பினால் எந்தத் திருப்புக்கு எந்த விளைவு என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

புதுக் கருவிக்கு இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். அக்ரிலிக்கில் தொழிற்சாலையின் எண்ணெய்ப் பசை இருக்கும். வினாகிரி கலந்த நீரில் ஓடவிட்டுக் கழுவினாலும், சில நாளிலிருந்து ஓரிரு கிழமை வரை நுரை தன்னிச்சையாகத்தான் நடந்துகொள்ளும். உள்சுவரில் மெல்லிய உயிர்ப்படலம் படிந்த பிறகே நிதானப்படும். அதுவரை வால்வைத் தாழ்வாக வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் வேலை.

மாலையில் தம்பி மீன்களுக்கு இரை போட்டார். சிறிது நேரத்தில் கழுத்திலிருந்த நுரை முழுவதும் படுத்துவிட்டது. தம்பி திடுக்கிட்டு வால்வுக்குக் கைநீட்டினார், தடுத்தேன். இரையில் உள்ள எண்ணெய் நுரையை உடைக்கும். தொட்டிக்குள் கை விட்டாலும் தோலின் எண்ணெய் அதையே செய்யும். சில மணிநேரத்தில் தானாக எழும்பும். அதற்குள் வால்வை மூடிவிட்டால், இரவில் நுரை திரும்பும்போது கப் வழியும். முன்பு இரவுகளில் வழிந்ததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்க வேண்டும். அதேபோல் மீனுக்கு மருந்து போட்டாலும், பாறை ஒட்டும் பசை வைத்தாலும், குழாய்நீரின் குளோரினை நீக்கும் திரவங்கள் சிலவற்றை ஊற்றினாலும் நுரை வெறிகொண்டு பொங்கும். அப்போது கப்பைக் கழற்றிவிட்டோ மட்டத்தைத் தாழ்த்தியோ பொங்கி முடியவிட வேண்டும்.

கப்பில் விழுவது எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொட்டி வைப்பவர்களுக்குள் எப்போதும் வாதம் உண்டு. மட்டத்தை உயர்த்தினால் ஈரமான நுரை ஏறும். பிளேன்டீ நிறத்தில் நிறைய நீர் சேரும். தாழ்த்தினால் உலர்ந்த நுரை. கொஞ்சமாக, கறுப்பாக, களியாக இறங்கும். ஈர நுரை கூடுதலான அழுக்கை எடுக்கும், ஆனால் உப்புநீரையும் சேர்த்து வெளியேற்றும். அந்த இடத்தை மிதவை வால்வு நல்ல தண்ணீரால் நிரப்பிவிடும். கவனிக்காவிட்டால் உப்பு குறைந்துகொண்டே போகும். தம்பியின் தொட்டிக்கு இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்தோம். கிழமைக்கு இரண்டு முறையாவது கழுத்தின் உட்புறத்தைத் துடைக்கச் சொன்னேன். அங்கே படியும் கொழுப்பு, நுரை ஏறும் வழியை மறிக்கும். காற்றுக் குழாயின் வாயில் உப்புப் பூத்து அடைத்தால் இளஞ்சூட்டு நீரில் கழுவ வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஸ்கிம்மர் எல்லாவற்றையும் எடுத்துவிடாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009, 2010 ஆண்டுகளில் பல ஸ்கிம்மர்களைச் சோதித்து எழுதினார். நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 35 சதவீதம் வரைதான் அவை எடுத்தன. விலை உயர்ந்ததற்கும் மலிவானதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மிச்சத்தைப் பாக்டீரியாவும் பாறையும் பாசியும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழும் மட்டும் வைத்துப் பவளங்களை வளர்த்துக் காட்டினார். பின்னாளில் பெர்லின் ஆர்வலர்கள் அந்தப் பாறையோடு ஸ்கிம்மரையும் சேர்த்து, உலகெங்கும் பரவிய முறை ஒன்றை உருவாக்கினார்கள். கருவி பாதி, உயிர் பாதி என்பதுதான் இரு தரப்பினரிடமிருந்தும் நாம் பெறும் பாடம்.

இந்த நாட்டில் மின்வெட்டையும் கணக்கில் எடுத்தே தொட்டி வைக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். கரண்ட் போனதும் மேல் தொட்டியின் நீர் கொஞ்சம் கீழே இறங்கும். திரும்ப வந்ததும் உயர்ந்த மட்டத்தில் ஸ்கிம்மர் ஓடத் தொடங்கி ஒரேயடியாகக் கப்பை நிரப்பும். மேலே தள்ளும் பம்ப் ஓடி மட்டம் இறங்கிய சில நிமிடங்களுக்குப் பிறகே ஸ்கிம்மரைப் போட வேண்டும். தாமதித்து இயங்கும் சுவிட்ச் இருந்தால் நல்லது. வெட்டு நீண்டால் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றாவது வேண்டும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். 28, 29 பாகையில் இருக்கும் நம் தொட்டிகளுக்கு ஸ்கிம்மர் காற்றையும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. அது நின்றால் மீன் முதலில் உணர்வது மூச்சுத் திணறலைத்தான்.

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்து வாப்பாவும் தம்பியும் வர, மூவரும் கடற்கரைக்கு நடந்தோம். வடக்கே கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளி. நாகூர் ஷாஹுல் ஹமீது நாயகத்தின் பேரால் ஆண்டுதோறும் கொடியேறும் இடம். மணலில் தோணிகளும் இயந்திரப் படகுகளும் ஏற்றிவைத்திருந்தார்கள். தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாரியின் கலக்கம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அலை உடைந்த ஓரத்தில் மஞ்சள் படிந்த நுரை காற்றில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. தம்பி அதைக் கையில் அள்ளி, "அண்ணன், இது நம்மட கப்புல விழுறதுதானே?" என்றார். அதுவேதான். கடலில் நுண்பாசிகள் பெருகிச் சாகின்றன, ஆற்றுநீர் மக்கிய இலைதழையைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அவற்றின் புரதமும் கொழுப்பும் உடையும் அலையின் குமிழ்களில் ஒட்டிக் கரையொதுங்குகின்றன. மனிதர் அக்ரிலிக் உருளையில் செய்வதைக் கடல் எப்போதும் தன் ஓரத்தில் செய்துவந்திருக்கிறது.

தொட்டிக்கு இங்கேயே நீர் அள்ளலாமா என்று தம்பி கேட்டார். வலையருகே நின்ற முதிய மீனவர் முந்திக்கொண்டார்: "இப்ப அள்ளாதீங்க மகன். மாரியில ஆத்துத் தண்ணி எல்லாம் கடலுக்குள்ளதான். பங்குனி கழியட்டும், மறுகா கண்ணாடியா இரிக்கும்." அவர் அனுபவம் சொன்னதையே அளவுகளும் சொல்கின்றன. வடகீழ்ப் பருவகாலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் நம் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஓடுகிறது. உள்ளூர் ஆற்று முகத்துவாரங்களும் வெட்டித் திறந்திருக்கும். தொட்டிக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மாதங்களில் இங்கே கடல் குளம்போலக் கிடக்கும். அப்போது முகத்துவாரத்துக்கு எட்ட, அலை உடையும் இடத்துக்கு அப்பால் படகிலிருந்து அள்ளி, வடிகட்டி, இருட்டில் சில நாள் காற்றோட வைத்து, உப்பை அளந்து ஊற்றலாம்.

அந்தத் தெளிந்த மாதங்களில்தான் கிழக்கில் அலங்கார மீன் பிடிப்பவர்களும் இறங்குகிறார்கள். தென்மேற்குப் பருவம் தெற்கையும் மேற்கையும் கலக்கும்போது சுழியோடிகள் கிழக்குக் கரைக்கு வருவார்கள். மாரியில் திரும்பிப் போவார்கள். கைவலையால் பிடித்த மீனும் இறாலும் கொழும்பை அண்டிய ஏற்றுமதி நிலையங்களின் தொட்டிகளுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பறக்கின்றன. நெருக்கமாக மீன் நிறுத்தும் அந்தத் தொட்டிகளுக்கு நுரை பிரிக்கும் கருவி மிகவும் உதவுகிறது. தம்பியின் மீசைக்கார இறால் போன்றவை உலகின் எத்தனையோ வரவேற்பறைகளில் இலங்கைக் கடலின் முகமாக இருக்கின்றன.

பிற்பகல் தம்பியின் மோட்டார் சைக்கிளில் தெற்கே போனோம். நிந்தவூர் தாண்டி, களியோடைப் பாலம் கடந்தால் ஒலுவில். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி 2013இல் திறந்த துறைமுகம் அங்கே இருக்கிறது. இந்தக் கரையில் மணல் அலையோடு வடக்கு நோக்கி நகரும் இயல்புடையது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புகள் அதை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. துறைமுக வாயில் தூர்ந்தது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கடல் தென்னந்தோட்டங்களை அரித்தது. அரிப்பின் விளிம்பில் நின்று வேரோடு சாய்ந்த தென்னைகளைப் பார்த்தோம். வால்வை நூல் அளவு திருப்பி ஒரு நாள் பார்க்கலாம், பிழைத்தால் திரும்ப வைக்கலாம். கடலுக்குள் கொட்டிய கல்லை அப்படித் திரும்ப எடுத்துவிட முடியாது. ஆகவே கடலோடு செய்யும் எதையும் அதன் மெதுவான கணக்குக்கு இடங்கொடுத்தே செய்ய வேண்டும் என்பதை அந்தக் கரை தன் ஊர்களுக்கு வலியோடு கற்றுக்கொடுத்திருக்கிறது.

கரையிலிருந்து உள்ளே போனால் அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காடு. கரையோர ஊர்கள் பலவற்றின் குப்பை போய்ச் சேரும் இடம். அங்கே இரை தேடி வந்து பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. யானை பிளாஸ்டிக்கைத் தேடிப் போகவில்லை. நம் வீட்டுச் சோற்றின் மணம் அந்தப் பைகளில் இருந்தது. வீட்டிலேயே சோற்றையும் பையையும் பிரித்திருந்தால் ஒன்று உரமாகியிருக்கும், மற்றது மறுபடி பயன்பட்டிருக்கும். கலந்து, அழுகி, காட்டோரத்தில் மலையான பிறகு அதைப் பிரிக்க யாராலும் முடியவில்லை. இது தொட்டியில் பார்த்த அதே விதி. புரதமாக இருக்கும்போது ஒரு குமிழ் தூக்கிவிடும்; நைத்திரேற்றானபின் பெருங்கருவியும் கைவிரிக்கும்.

சாய்ந்தமருதுக்குத் திரும்பியபோது கப்பில் முதல்முறையாக ஒழுங்கான நிறத்தில் நீர் இறங்கியிருந்தது. உம்மா அதைப் பார்த்து முகம் சுளித்து, "இவ்வளவு ஊத்தையும் இந்த மீன் குடிச்சிக்கிட்டா இருந்த?" என்றார். மீன்களுக்காக அவர் வருந்தியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடல் ஏறிய ஆண்டுக்குப் பிறகு நெடுநாள் கடற்கரைப் பக்கமே போகாதவராம். இப்போது தினமும் காலையில் தொட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார்.

விடைபெற்று வடக்கே, மட்டக்களப்பு தாண்டிப் பாசிக்குடாவுக்குப் போனேன். அங்கே கரையை ஒட்டியே பவளப்பாறை. 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது இக்கடுவை போன்ற தெற்குப் பாறைகள் வெளிறிச் செத்தன. திருகோணமலைப் பக்கம் அன்று பெரும்பாலும் தப்பியது. 2016இல் வந்த வெப்பத்தில் கிழக்கும் தப்பவில்லை. பாசிக்குடாவுக்கு வடக்கே காயாங்கேணிப் பாறைகளை 2019இல் சரணாலயமாக அறிவித்தார்கள். நீரில் மூழ்கிப் பார்த்தேன். செத்த கிளைகளின் மேல் பாசி மூடிய இடங்களும் உண்டு, விரல் நீளத்துக்குப் புதுப் பவளம் தளிர்த்த இடங்களும் உண்டு.

கழிவும் உரமும் மிகுந்த நீரில் பவளம் வெப்பத்தைத் தாங்கும் வலுவை இழக்கிறது என்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. கடலின் சூட்டைக் கல்முனையோ சம்மாந்துறையோ தனியாகக் குறைத்துவிட முடியாது. அதற்கு உலகம் முழுவதும் கைகொடுக்க வேண்டும். ஆனால் வயலில் தேவைக்கு மேல் உரம் கொட்டாதிருப்பதும், மலக்குழியைக் கிணற்றிலிருந்து தள்ளி வைப்பதும், குப்பையை வீட்டிலேயே பிரிப்பதும் நம் கையில் இருக்கின்றன. அலை தன் ஓரத்தில் நுரை தள்ளிச் சுத்தம் செய்கிற வேகம் நமக்காகக் கூடப்போவதில்லை. நாம் கொட்டுகிற வேகம்தான் ஏறிக்கொண்டே போகிறது. 400 லீற்றர் நீருக்குள் எவ்வளவு கழிவு தாங்கும் என்று அளந்து பார்த்துப் பழகிய தம்பிபோன்றவர்கள் இந்தக் கரையின் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். வாய்க்காலையும் முகத்துவாரத்தையும் பற்றி நகரசபைகளும் பிரதேச சபைகளும் முடிவெடுக்கும்போது, அந்த இளைஞர்களை அழைத்து முன்வரிசையில் உட்கார்த்திக் கேட்க வேண்டும்.